மலை இறக்கத்துக்காக ஹேண்டிலை உயர்த்தியது

மலையகத்தில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு மணிக்கட்டு வலி ஏற்றத்தில் வருவதில்லை, இறக்கத்தில்தான் வருகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்தால் ஏறத்தாழ 500 மீற்றருக்கு இறங்கிவிடுகிறோம். அவ்வளவு உயரத்தையும் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, உள்ளங்கையில் உடம்பைத் தாங்கிக்கொண்டே இறங்குகிறோம். கீழே போய் நிறுத்தி ஹெல்மெட் கிளிப்பைக் கழற்றப் போனால் பெருவிரலில் பலம் இருக்காது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்.

நான் தோட்டம் தோட்டமாகப் போய் டிவி டிஷ் பொருத்துகிறவன். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை ஒரு பக்கம், கொட்டகலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை மறுபக்கம். பைக் 150 சிசி, இந்தியத் தயாரிப்பு, பழையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, உள்ளதை வைத்துச் சமாளிக்க எல்லோரும் பழகினோம். 2025இல் இறக்குமதி மறுபடி திறந்தாலும், புது பைக் விலையைக் கேட்டுவிட்டு வீட்டிலிருக்கும் பைக்கையே துடைத்து வைப்பவர்கள்தான் அதிகம். எனக்கும் இந்த பைக்கை விட மனமில்லை. எஞ்சின் நன்றாக இருக்கிறது. உட்காரும் வாட்டம்தான் சரியில்லை.

ஏன் சரியில்லை என்று டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். சீட்டில் நான் உட்காரும் இடத்திலிருந்து கிரிப் வரை கிடையாக 70 சென்ரிமீற்றர். சமதரையில் அது பிரச்சினையே இல்லை. ஆனால் நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் இறங்குகிற சரிவில் பைக் நின்றால், அந்த 70 சென்ரிமீற்றருக்குள் முன்பக்கம் 7 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். அதாவது இறக்கத்தில் ஹேண்டில் தானாகவே 7 சென்ரிமீற்றர் கீழே போய்விடுகிறது. கம்பெனி நமக்குக் கொடுத்த ஹேண்டில் வேறு, இறக்கத்தில் நாம் பிடித்திருக்கும் ஹேண்டில் வேறு. அத்தோடு உடம்பின் பாரமும் முன்னால் வருகிறது. 70 கிலோ ஆள் அதே சரிவில் இறங்கும்போது 7 கிலோ அளவுக்கு அவரை முன்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் இன்னும் கூடும். அந்தத் தள்ளலை முழங்காலால் டேங்க்கைப் பிடித்துத் தாங்கலாம். இல்லாவிட்டால் மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து நம் முதுகில் சாய்ந்தால் அவருடைய பாரமும் நம் கைக்கு வரும். அதனால்தான் என்னுடன் வருகிற தம்பியிடம் இறக்கத்தில் பின்கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

சரி, அப்படியானால் 7 சென்ரிமீற்றரும் உயர்த்திவிடலாமே என்று தோன்றும். கூடாது. இறங்கிய வழியில்தான் ஏறவும் வேண்டும். ஏற்றத்தில் கணக்கு தலைகீழாகி, ஹேண்டில் ஏற்கெனவே 7 சென்ரிமீற்றர் மேலே வந்து நிற்கும். அதற்கு மேல் இன்னொரு 7 என்றால் நெஞ்சுக்கு நேரே கையைத் தூக்கிக்கொண்டு ஓட்ட வேண்டி வரும். உடம்பு பின்னால் போகும், முன் சக்கரத்தில் பாரம் குறையும், கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் திரும்பும்போது பைக் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் நான் 30 மில்லிமீற்றர் என்று முடிவு செய்தேன். இறக்கத்தில் இழந்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பக் கிடைக்கும். ஏற்றத்திலும் கெடுதல் இல்லை. கேபிள்களையும் மாற்றாமல் சமாளிக்கக்கூடிய அளவு அது.

30 மில்லிமீற்றர் உயர்த்தினால் 30 மில்லிமீற்றர் நேர் மேலே போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில் உட்கார்ந்திருக்கும் மேல் தட்டு, முன் ஷாக் சாய்ந்திருக்கும் அளவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான ரோட்டு பைக்குகளில் அந்தச் சாய்வு 25 பாகையை ஒட்டி இருக்கும். அந்தச் சாய்விலேயே உயர்த்தும்போது ஹேண்டில் 27 மில்லிமீற்றர் மேலே போகும், 13 மில்லிமீற்றர் பின்னாலும் வரும். நமக்கு இது இரட்டை லாபம். குனிந்து எட்டிப் பிடிப்பதும் குறைகிறது.

ஆனால் காசு செலவழிக்கும் முன் காசில்லாமல் செய்யக்கூடியவற்றைச் செய்து பார்த்துவிட வேண்டும். முதலில் கிளட்ச், பிரேக் லீவர்களின் கோணம். சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டி, விரல்களை லீவர் மேல் வைத்தால் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். பல பைக்குகளில் லீவர் மேல்நோக்கி இருப்பதால் மணிக்கட்டு பின்பக்கம் மடிந்துவிடும். நாள் முழுக்க அப்படிக் கிளட்ச் பிடித்தால் யாருக்கும் வலிக்கும். போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பினாலே பாதிப் பேருக்கு நிம்மதி வந்துவிடும். அடுத்தது சீட். பழைய சீட்டில் ஸ்பொஞ்ச் முன்பக்கம் அமுங்கிப் பள்ளமாகியிருக்கும். இறக்கத்தில் நாம் அந்தப் பள்ளத்தில் சறுக்கி டேங்க்கோடு போய் ஒட்டிக்கொள்வோம், கை மடங்கிப் பாரமெல்லாம் உள்ளங்கைக்கு வரும். குஷன் கடையில் கொடுத்து முன்பக்கத்துக்கு மட்டும் கெட்டி ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்து வாங்கினேன். அந்த வேலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பலன் பெரியது.

கை மரத்துப்போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் ஓடும் நரம்பு அமுங்குகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு அமுங்குகிறது. பைக்கை விட்டு இறங்கியதும் சரியாகிவிட்டால் ஹேண்டிலைப் பார்க்கலாம். ராத்திரி தூக்கத்திலும் மரத்து எழுப்பினால் கராஜுக்குப் போவதற்கு முன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போங்கள்.

ஹேண்டிலை உயர்த்தப் பல வழி இருக்கிறது. உயரமான வேறு ஹேண்டிலை வாங்கிப் போடலாம். சாதாரண பைக் ஹேண்டில் குழாய் 22 மில்லிமீற்றர் விட்டம் என்பதால் ஒன்றின் ஹேண்டில் இன்னொன்றில் உட்காரும். ஆனால் சுவிட்ச் பெட்டிகளின் உள்ளே ஒரு சின்ன முளை இருக்கும், அது நுழைய ஹேண்டிலில் சரியான இடத்தில் துளை வேண்டும். துளை இடம் மாறினால் சுவிட்ச் கோணலாக நிற்கும். முளையை வெட்டி எறிந்தால் ஆக்சிலேட்டரைத் திருகும்போது சுவிட்ச் பெட்டியே சுற்றும். அப்புறம் உயரமான ஹேண்டில் என்றால் வளைவும் அகலமும் மாறும், எல்லாக் கேபிளையும் நீளமாக்க வேண்டி வரும். இன்னும் சிலர் இருக்கிற ஹேண்டிலை அறுத்து நடுவில் குழாய் வைத்து வெல்டிங் செய்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்து இரும்பின் குணம் மாறிவிடும். மேடு பள்ளத்தில் ஆடி ஆடி ஒரு நாள் பெயின்டுக்கு அடியில் வெடிப்பு விடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலின் ஒரு பக்கம் கையோடு வந்தால் கீழே தேயிலைச் சரிவுதான்.

நான் எடுத்த வழி ஸ்பேசர். என் பைக்கில் ஹேண்டிலைத் தாங்கும் இரண்டு ஹோல்டர்களும் மேல் தட்டின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கின்றன. தட்டின் அடியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு போல்ட் ஏறிப் பிடித்திருக்கிறது, இடையில் ரப்பர் புஷ். ஹோல்டருக்கும் தட்டுக்கும் இடையில் 30 மில்லிமீற்றர் உருளை ஒன்றை வைத்து, போல்ட்டையும் இன்னும் 30 மில்லிமீற்றர் கூடுதல் நீளமாக்கினால் வேலை முடிந்தது. உங்கள் பைக்கைக் குனிந்து பாருங்கள். தட்டின் அடியில் போல்ட் தலை தெரிந்தால் இதே முறை சரிவரும். போல்ட் தலை தெரியாமல் நட் மட்டும் தெரிந்தால், ஹோல்டரோடு சேர்ந்த முளைதான் கீழே இறங்கியிருக்கிறது. அதை நீளமாக்க முடியாது. அந்த வகைக்கு ஹோல்டரின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையில் வைக்கிற ரைசர்தான் வழி. அதைக் கடையில் செட்டாக வாங்குவது நல்லது. மேல் பக்கம் குழிவும் கீழ்ப் பக்கம் அதே அளவு புடைப்பும் சரியாக வர வேண்டும், சாதாரண லேத்தில் அது கஷ்டம்.

லேத் கடை அண்ணனிடம் அளவைச் சொன்னேன். உயரம் 30, வெளி விட்டம் 38, நடுவில் 10 மில்லிமீற்றர் போல்ட் தடையில்லாமல் போகிற துளை. 38 என்றது ஹோல்டரின் அடிப்பாகம் முழுவதும் ஸ்பேசர் மேல் உட்கார வேண்டும் என்பதற்காக. ஓரம் தொங்கினால் அந்த ஓரத்தில் மேல் தட்டு அமுங்கும். அவர் மூலையில் கிடந்த அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்தார், பழைய எஞ்சின் மூடி வார்ப்பு. கையில் புரட்டிப் பார்த்துவிட்டு அவரே திரும்பப் போட்டார்.

“இது வார்ப்பு தம்பி. உள்ள காத்துக் குமிழி இருக்கும். ஹேண்டிலுக்கு வேணாம்.”

“கம்பி இருக்கா அண்ணே?”

“ரொட் இருக்கு. அதுல கடைஞ்சா கல்லு மாதிரி நிக்கும்.”

அலுமினிய ரொட்டை லேத்தில் பிடித்து, முகத்தைச் சமமாக்கி, துளை போட்டு, ரொட்டை இடத்தை விட்டுக் கழற்றாமலே இரண்டு துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி எடுத்தார். பிறகு வெட்டிய முகங்களை மறுபடி கடைந்தார். அலுமினியச் சீவல் சுருள் சுருளாக விழுந்தது. ஒவ்வொரு தடவை சீவிய பிறகும் வேர்னியரை வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கோட்டை உற்றுப் பார்த்தார். முதல் துண்டு 30.00. இரண்டாவது 30.20. எனக்குப் போதும் என்று தோன்றியது, அவர் விடவில்லை. இரண்டும் ஒரே உயரமாக இல்லாவிட்டால் ஒரு ஹோல்டர் உயர்ந்து நிற்கும், ஹோல்டரின் மேல்பாதியான மூடியை இறுக்கும்போது ஹேண்டில் குழாய் வளைந்துதான் உட்காரும், அந்த முறுக்கு எப்போதும் அதற்குள்ளேயே இருக்கும் என்றார். இன்னும் இரண்டு சீவலில் இரண்டும் ஒரே அளவு. கடைசியில் கூர் ஓரங்களை அரத்தால் மழுக்கி, கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, என் கையில் தந்தார். இப்படி ஒரு லேத்காரர் டவுனில் இருப்பது நமக்கெல்லாம் பெரிய பலம்.

போல்ட் வாங்குவதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று மரை. இந்திய, ஜப்பான் பைக்குகளில் 10 மில்லிமீற்றர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 1.25 மில்லிமீற்றர் மரை இடைவெளி. சாதாரண ஹார்ட்வெயார் கடையில் நீளமான 10 மில்லிமீற்றர் போல்ட் கேட்டால் தருவது 1.5. இரண்டு சுற்று சுலபமாகப் போகும், மூன்றாவது சுற்றில் இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பானர் போட்டுத் திருகினால் ஹோல்டரின் மரை போய்விடும். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்திப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. இரண்டாவது பலம். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் அடித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட்டை ஹேண்டிலுக்குப் போடக்கூடாது. நான் 10.9 வாங்கினேன். மோட்டார் ஸ்பெயார் கடையில் கிடைத்தது.

நீளத்தைக் கண்ணால் முடிவு செய்யவும் கூடாது. போல்ட் ஹோல்டருக்குள் குறைந்தது 15 மில்லிமீற்றராவது ஏற வேண்டும். அலுமினிய மரை இரும்பு அளவுக்குத் தாங்காது, அதனால்தான் போல்ட் விட்டத்தைவிட ஒன்றரை மடங்கு ஆழம் கேட்கிறது. அதே நேரம் ஹோல்டர் துளையின் அடி மூடியிருந்தால் போல்ட் நீளம் கூடினாலும் ஆபத்து. நுனி துளையின் அடியில் போய் முட்டி நிற்கும். ஸ்பானரில் நல்ல இறுக்கம் தெரியும். ஆனால் ஹோல்டர் உண்மையில் தளர்வாகவே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: பொருத்தும் முன் போல்ட்டைத் தனியாகக் கையால் ஹோல்டருக்குள் முழுவதும் ஏற்றி, வெளியே மிஞ்சும் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இடையில் வரப்போகிற தட்டு, ஸ்பேசர், புஷ், வாஷர் எல்லாவற்றின் மொத்தக் கனமும் அந்த மிஞ்சிய நீளத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும்.

பொருத்தும் வேலையை வீட்டு முற்றத்தில் செய்தேன். தென்மேல் பருவமழைக் காலம் என்பதால் தார்ப்பாய் கட்ட வேண்டியிருந்தது. டேங்க் மேல் பழைய கம்பளியை மடித்துப் போட்டேன். கழற்றிய ஹேண்டில் டேங்க் மேல் விழுந்தால் பள்ளம் நிச்சயம். எஞ்சினைப் பிரிக்காத, கேபிள்களைக் கூடக் கழற்றாத வேலை இது. ஹேண்டிலை மூடியோடு விடுவித்து, கேபிள்கள் தாங்கிக்கொண்டிருக்க, மெதுவாக டேங்க் மேல் சாய்த்து வைத்தாலே போதும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் டப்பா தலைகீழாகத் திரும்பக்கூடாது. காற்று உள்ளே போனால் அப்புறம் பிரேக்கில் காற்று எடுக்கும் வேலை வேறு சேரும். ஆயில் கசிந்து டேங்க்கில் பட்டால் பெயின்ட் உரியும்.

அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றியதும் ரப்பர் புஷ் வெளியே வந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போகவில்லை, பக்கத்தில் வெடிப்பு. மழையும் வெயிலும் பட்டு அப்படி ஆகியிருந்தது. ஹேண்டில் உயர்ந்தால் கையின் ஆட்டம் புஷ்ஷுக்குக் கூடுதலாக இறங்கும், நெம்புகோலின் நீளம் கூடுகிறதல்லவா. அதனால் பழைய புஷ்ஷைத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்கிப் போட்டேன். ஸ்பேசர் போட்ட பிறகு ஹேண்டில் ஆடுகிறது என்று சொல்கிற பலருக்குப் பிரச்சினை ஸ்பேசரில் இல்லை, இந்தப் பழைய ரப்பரில்தான்.

அடிப் போல்ட்டுகளை முதலில் கையிறுக்கத்தில் மட்டும் விட்டேன். ஹேண்டிலை ஹோல்டரில் வைத்து மூடியைப் பொருத்தி, குழாய் இரண்டு ஹோல்டரிலும் இயல்பாக உட்கார்ந்த பிறகுதான் அடிப் போல்ட்டுகளை இறுக்கினேன். வரிசை மாறினால் ஹோல்டர்கள் கொஞ்சம் திரும்பியபடி இறுகிவிடும். மூடியில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருக்கும். என்னுடையதில் அது முன்பக்கம் இருக்க வேண்டும். முன் போல்ட்டை முதலில் இறுக்கி, பிறகு பின் போல்ட்டை இறுக்க, பின்பக்கம் ஒரு இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியைப் பார்த்து இன்னும் இறுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், அது இருக்கத்தான் வேண்டும். சில பைக்குகளில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி வர வேண்டும், உங்கள் கம்பெனிப் புத்தகத்தைப் பாருங்கள். மூடியின் 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச் இரவல் வாங்கி 22 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். கை நிதானம் இதற்குப் போதாது. குறைந்தால் பள்ளத்தில் விழும்போது ஹேண்டில் சுழலும், கூடினால் மூடி வெடிக்கும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. கேபிள்.

நிறைய பேர் ஹேண்டிலை நேராக வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் எட்டுகிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். கேபிளைச் சோதிக்க வேண்டியது முழுத் திருப்பத்தில். இடது பக்கம் முழுவதும் திருப்பினால் வலது கிரிப் முன்னால் போகும், ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடும். வலது பக்கம் முழுவதும் திருப்பினால் இடது கிரிப் முன்னால் போகும், கிளட்ச் கேபிள் இழுபடும். பைக்கை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, கையை ஆக்சிலேட்டரில் வைக்காமல், ஹேண்டிலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் துளியும் மாறக்கூடாது. எங்கேயாவது உறுமினால் அந்த இடத்தில் கேபிள் தானே ஆக்சிலேட்டரைக் கொடுக்கிறது என்று அர்த்தம். கொண்டை ஊசி வளைவில் முழுதாகத் திருப்பியபடி மெதுவாக வரும்போது அது நடந்தால் பைக் வளைவை விட்டு வெளியே பாயும்.

என்னுடையதில் ஆக்சிலேட்டர் பிரச்சினை தரவில்லை. கிளட்ச் கேபிள்தான் வலது முனையில் கம்பி போல விறைத்தது. அது ஹெட்லைட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வளையத்துக்குள் நுழைந்து போயிருந்தது. வளையத்திலிருந்து விடுவித்து, தலைக் குழாய்க்கு உட்பக்கமாகக் கொண்டுபோனதும் தேவையான தொய்வு கிடைத்தது. பிறகு லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீற்றர் தளர்வு இருக்கும்படி சரிசெய்தேன். சுவிட்ச் வயர்களைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டிகளையும் வெட்டி, முழுத் திருப்பத்தில் எங்கே தளர்வு வேண்டும் என்று பார்த்து மறுபடி கட்டினேன். வயர் இழுபட்டால் அன்றே தெரியாது. மாதங்கள் கழித்து உள்ளே செப்பு அறுந்து, மூடுபனியில் ஹாரன் வேலை செய்யாதபோதுதான் தெரியும்.

முன் பிரேக் ஹோஸ் மட்டும் வேறு கதை. அது ஹேண்டிலில் தொடங்கிச் சக்கரத்தடியில் முடிகிறது, இரண்டும் சேர்ந்தே திரும்புகின்றன. அதனால் திருப்பிப் பார்த்து அதைச் சோதிக்க முடியாது. அதற்கு ஆபத்து முன் ஷாக் முழுவதும் நீளும்போதுதான். பைக் நிற்கும்போது அதன் பாரத்திலேயே ஷாக் கொஞ்சம் அமுங்கி இருக்கும், ஹோஸ் தொய்வாகத் தெரியும். பள்ளத்தைத் தாண்டும்போது சக்கரம் தரையை விட்டு எழும்பினால் ஷாக் முழுவதும் நீளும், தொய்வு போய்விடும். எனவே நடு ஸ்டாண்டைப் போட்டு, எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினேன். தம்பி சக்கரத்தைக் கீழே இழுத்துப் பிடிக்க, நான் டோர்ச் அடித்து ஹோஸை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிக்கொண்டே போனேன். லீவர் பக்கம் ஹோஸ் முடியும் உலோக மூக்கருகில் ரப்பர் லேசாக வளைந்து நின்றது, ஆனால் நேராக இழுபடவில்லை. இரண்டு விரல் வைத்து அழுத்தினால் ஒரு விரல் கனம் உள்ளே போனது. அது போதும். இழுபட்டிருந்தால் நீளமான ஹோஸ் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இழுபட்ட ஹோஸோடு ஒரு கிலோமீற்றர் கூடப் போகக்கூடாது. ஹோஸை மாற்றுவதானால் மூக்கின் இரண்டு பக்கமும் உள்ள செப்பு வாஷரையும் புதிதாகப் போடுங்கள், ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் ரக ஆயிலையே ஊற்றுங்கள்.

கடைசியாக இன்னொரு அளவு. ஹேண்டில் 13 மில்லிமீற்றர் பின்னால் வந்திருக்கிறதல்லவா. முழுத் திருப்பத்தில் கிரிப்புக்கும் டேங்க்குக்கும் நடுவில் உறை போட்ட விரல்கள் நசுங்காமல் இருக்கின்றனவா என்று இரண்டு பக்கமும் கையை வைத்தே பாருங்கள். எனக்கு இடம் தாராளமாக இருந்தது. லீவர்களின் கோணத்தை மறுபடி சரிசெய்தேன், பிரேக் ஆயில் டப்பாவின் மேல்மட்டம் தரைக்குச் சமமாக நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். கண்ணாடிகளை புதிதாகத் திருப்பினேன். உயர்ந்ததில் இப்போது என் தோள் கண்ணாடியில் தெரிவதில்லை, பின்னால் வரும் பஸ் தெரிகிறது.

முதலில் வீட்டுப் பக்கத்துச் சமதரையில் மெதுவாக ஓட்டி, கடுமையாக பிரேக் பிடித்து, ஹோல்டர் அசைகிறதா என்று பார்த்தேன். ஸ்பேசருக்கும் தட்டுக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருந்தேன். கோடு விலகவில்லை. அதற்குப் பிறகுதான் கினிகத்தேனை இறக்கத்துக்குப் போனேன். வித்தியாசம் முதல் சில வளைவுகளிலேயே தெரிந்தது. முழங்கை லேசாக மடங்கி நிற்கிறது, பள்ளத்தின் அடி தோளுக்கு ஏறுவதில்லை. கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொள்ளத் தேவையில்லாததால் வளைவின் மறுபக்கத்தைப் பார்க்க முடிகிறது. எதிரே கொழுந்து லொறி வருகிறதா என்று பார்ப்பதற்குக் கழுத்து சுதந்திரமாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்று மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் முழங்காலால் டேங்க்கைப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. ஹேண்டில் உயர்ந்துவிட்டது என்று காலைத் தளர்த்தினால் அந்த 7 கிலோ மறுபடி கைக்கே வரும்.

ஏற்றத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. தோட்டத்துக் கொங்கிரீட் பாதைகள் சில இடங்களில் பிரதான வீதியைவிடப் பல மடங்கு செங்குத்து. டிரில், கேபிள் சுருள், டிஷ் தட்டு எல்லாம் பின் கெரியரில் கட்டிக்கொண்டு அப்படியொரு பாதையில் முதல் கியரில் ஏறியபோது முன் சக்கரம் லேசாகிற உணர்வு இருந்தது, திருப்பத்தில் ஹேண்டில் கொஞ்சம் காற்றில் மிதந்தது. ஹேண்டிலைக் குறைக்கவில்லை, பாரத்தை மாற்றினேன். கனமான டிரில்லையும் பற்றரியையும் டேங்க் மேல் வைக்கும் பையில் போட்டு, இலேசான டிஷ் தட்டை மட்டும் பின்னால் விட்டேன். அதோடு ஏற்றத்தில் இடுப்பை ஒரு சாண் முன்னால் நகர்த்தி உட்கார்ந்தால் முன் சக்கரம் நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஓட்டத் தொடங்கிச் சில நாள் கழித்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி டோர்க் ரென்ச்சில் பார்த்தேன். அடிப் போல்ட்டுகள் இரண்டும் கொஞ்சம் திரும்பின. புது ரப்பர் அமுங்கி உட்காரும்போதும், இடையில் உள்ள பெயின்ட் நசுங்கும்போதும் இது நடக்கும். இரண்டாவது தடவை பார்த்தபோது அசையவில்லை. இப்போது எஞ்சின் ஆயில் மாற்றும் போதெல்லாம் இதையும் தொட்டுப் பார்க்கிறேன். செலவு என்று பார்த்தால் ஸ்பேசர், போல்ட், புஷ், சீட் எல்லாம் சேர்த்து ஒரு பின் டயரின் விலை கூட ஆகவில்லை.

சிடி 100, ஸ்பிளெண்டர் மாதிரி பைக் வைத்திருப்பவர்களுக்கு ஹேண்டில் ஏற்கெனவே உயரம்தான். அவர்கள் லீவர் கோணத்தையும் சீட்டையும் பார்த்தாலே போதும். பல்சர் 220 மாதிரி கிளிப்-ஆன் ஹேண்டில் உள்ளவற்றில் நான் சொன்ன ஸ்பேசர் முறை செல்லாது. இரண்டு பக்கக் கைப்பிடியும் தனித்தனியாக நிற்பதால் நடுவில் உயர்த்த ஒன்றுமில்லை. அந்த பைக்குகளில் முன் ஷாக் குழாய்களைத் தட்டிலிருந்து கீழே இறக்கி ஹேண்டிலை உயர்த்தித் தருவதாகச் சொல்லும் கராஜ்கள் உண்டு. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் ஹேண்டில் மட்டும் உயராது, பைக்கின் முன்பக்கமே உயரும், ஷாக்கின் சாய்வு கூடும், வளைவில் திரும்புவது சோம்பலாகிவிடும். குழாயைத் தட்டு பிடிக்கும் நீளமும் குறையும். கிளிப்-ஆன் பைக்குக்கென்றே உயரம் கூட்டிய கைப்பிடி செட் கிடைத்தால் அதைப் போட்டு, மேலே சொன்ன கேபிள், ஹோஸ் சோதனைகளை ஒன்று விடாமல் செய்யுங்கள்.